அந்தக் கூடுதல் ஒரு வருடம்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் இப்போது ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. போன வாரம் மகளுடன் வீட்டுக்கு வந்தான். பிள்ளை கியூட் தேர்வு எழுதி, டெல்லியில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்க இடம் வாங்கியிருக்கிறது. அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது.

"சார், ஆனர்ஸ்னா நாலு வருஷமாம். இங்கயே மூணு வருஷத்துல ஒரு டிகிரி முடிச்சிட்டு கம்பெனில சேர்ந்தா ஆகாதா?" என்றான்.

அவனுக்கு நம் காஞ்சிபுரத்து அண்ணாவின் கதையைச் சொன்னேன்.

அண்ணா 1909இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தொத்தா இராசாமணி அம்மையார் வளர்த்த பிள்ளை. வீட்டு நிலைமையால் படிப்பை விட்டு, காஞ்சிபுரம் நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட் படித்தார்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட்டுக்குப் பின் இரண்டு வழிகள் இருந்தன. சாதாரண பி.ஏ. இரண்டு வருடம். ஆனர்ஸ் மூன்று வருடம். ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்க வேண்டும். மதிப்பெண் மட்டும் இருந்தால் போதாது. அந்தக் கூடுதல் ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் வீடு தாக்குப்பிடிக்க வேண்டும். அதனாலேயே ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆனர்ஸ் எட்டாக் கனி.

அண்ணாவுக்கு 1930இலேயே திருமணமும் ஆகிவிட்டது. ஆனாலும் ஆனர்ஸ் படித்து, 1934இல் பட்டம் வாங்கினார். பின்னர் எம்.ஏ. பட்டமும் பெற்றார். நகராட்சி எழுத்தராக இருந்தவர் 1967இல் முதலமைச்சர் ஆனார். அடுத்த வருடம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 'சப் ஃபெல்லோஷிப்' கொடுத்து அழைத்தது.

2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மத்தியப் பல்கலைக்கழகங்களில் அதே கணக்குதான் திரும்ப வந்திருக்கிறது. மூன்று வருடத்தோடு வெளியேறலாம். நான்காம் வருடமும் இருந்தால் முழு ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் அந்த வருடத்தை ஆராய்ச்சிக்கே கொடுக்கலாம்.

நம் பக்கம் 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. அதன்பின் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது கம்பெனிச் சம்பளத்தில்தான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பன்னிரண்டாவது முடித்த பிள்ளையின் வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றால், நான்கு வருடம் என்பது நாற்பது வருடமாகத் தெரியும்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. கல்லூரிக்குப் போகிறேன் என்றேன். "ரெண்டு வருஷத்துல வாத்தியார் ஆயிடலாம், போடா" என்றார் அப்பா. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு நின்றேன். அந்த வேலைதான் தங்கைகளைக் கரையேற்றியது. அப்பா மேல் கோபம் இல்லை. கல்லூரி வாசலைப் பார்த்தால் மட்டும் இன்றும் ஒரு நிமிடம் நிற்பேன்.

மாணவன் உடனே சரி என்று சொல்லவில்லை. "பார்க்கலாம் சார்" என்றுதான் போனான். நேற்று இரவு போன் செய்தான்: "சார், டெல்லி ரயிலுக்கு எப்போ டிக்கெட் போடணும்?"

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அந்த ஒரு வருடத்துக்காக அதன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.