சாக்லேட்டும் முகப்பருவும்: ஒரு மருத்துவ ஆய்வு முடிவின் வரலாறு

முன்னுரை

முகப்பருவுக்கும் உணவுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருவது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்க மருத்துவர்கள், பருவால் அவதியுறும் இளையோரிடம் சாக்லேட், இனிப்பு, கொழுப்பு ஆகியவற்றை விலக்குமாறு கூறிவந்தனர். 1969க்குப் பின்னர் இவ்வறிவுரை ஆதாரமற்றது எனப் பெரிதும் ஒதுக்கப்பட்டது. இம்மாற்றத்திற்கு முதன்மைக் காரணமாக அமைந்த ஆய்வு உண்மையில் எதனை நிறுவியது, எதனை நிறுவியதாகக் கொள்ளப்பட்டது என்பவற்றைப் பிரித்தறிந்து, அதன் பின்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1969ஆம் ஆண்டு ஆய்வு

ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் ஆகிய மூவரும் நடத்திய ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அதில் 65 பேர் பங்கேற்றனர். அவர்களுள் 30 பேர் வளரிளம் பருவத்தினர். எஞ்சிய 35 பேர் சிறையிலிருந்த இளைஞர்கள். வழக்கமான சாக்லேட்டைப் போலப் பத்து மடங்கு கொக்கோ சேர்ந்த கட்டி ஒன்று நாள்தோறும் நான்கு வாரங்களுக்கு வழங்கப்பட்டது. மூன்று வார இடைவெளிக்குப் பின்னர், கொக்கோ இல்லாத ஒப்பீட்டுக் கட்டி அதே கால அளவுக்கு வழங்கப்பட்டது. சிலருக்கு இவ்வரிசை மாற்றியமைக்கப்பட்டது. இரு காலங்களிலும் பருக்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஒப்பீட்டின் எல்லை

இம்முடிவை மதிப்பிட ஒப்பீட்டுக் கட்டியின் உள்ளடக்கத்தை நோக்குதல் வேண்டும். அதில் கொக்கோ இல்லையே தவிர, சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழச் சாக்லேட் கட்டிக்கு இணையாகவே இருந்தன. ஆகவே, அவ்வாய்வு விடையளித்த வினா கொக்கோவைப் பற்றியது மட்டுமே. சர்க்கரையும் கொழுப்பும் பருவை மிகுவிக்கின்றனவா என்பதற்கு அதில் விடை இல்லை. ஏனெனில் இரு தரப்பிலும் அவை இருந்தன. மேலும், தோலின் நுண்துளை அடைபட்டு, அது கண்ணுக்குப் புலனாகும் பருவாக வளரப் பல வாரங்கள் ஆகின்றன. இதற்கு நான்கு வாரக் காலம் போதுமா என்பதும் ஐயத்திற்குரியது.

அவ்வாய்விற்கு அமெரிக்கச் சாக்லேட் உற்பத்தியாளர் சங்கத்தின் நிதியுதவி இருந்தது என்பதும் கருதத்தக்கது. இதனால் மட்டுமே முடிவைப் புறந்தள்ளுதல் முறையன்று. எனினும், வினா குறுகலாக அமைக்கப்பட்ட சூழலை அது விளக்க உதவுகிறது. கைதிகளின் பங்கேற்பு அறம் சார்ந்த வேறொரு வினாவை எழுப்புகிறது. கிளிக்மன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளிடம் 1974 வரை ஏறத்தாழ இருபதாண்டுகள் தோல் ஆய்வுகளை நடத்தியவர். அவற்றுக்காக அந்நகர நிர்வாகம் 2022இல் முறைப்படி மன்னிப்புக் கோரியது.

வினா மீண்டெழுந்த காலம்

கொக்கோவைப் பற்றிய இவ்விடை நாளடைவில் உணவு முழுமைக்கும் உரிய விடையாகப் பாடநூல்களில் இடம்பெற்றது. 2002இல் கார்டெய்ன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை இந்நிலையை அசைத்தது. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1200 பேரையும், பராகுவேயின் ஆச்சே மக்களுள் 115 பேரையும் நோக்கியபோது ஒருவரிடமும் முகப்பரு காணப்படவில்லை என அவர்கள் பதிவு செய்தனர். குருதிச் சர்க்கரையை விரைந்து உயர்த்தும் உணவு இன்சுலினை மிகுவித்து, அதன்வழி தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டக்கூடும் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

2007இல் ஆஸ்திரேலியாவில் ஸ்மித் குழுவினர் 43 இளைஞர்களைக் கொண்டு 12 வாரங்கள் ஆய்ந்தனர். சர்க்கரையை மெல்ல உயர்த்தும் உணவை உண்டோரிடம் பருக்கள் சராசரியாக 23.5 குறைந்தன, ஒப்பீட்டுக் குழுவில் 12 குறைந்தன. ஆயினும், முதற்குழுவினரின் உடல் எடையும் குறைந்தமையால் பயன் உணவால் விளைந்ததா, எடைக் குறைவால் விளைந்ததா எனப் பிரித்துரைக்க இயலவில்லை. கிட்டாவா மக்களும் உணவில் மட்டுமன்றி மரபிலும் வாழ்முறையிலும் வேறுபட்டவர்கள்.

இயற்கை மருந்தும் அதே அளவுகோலும்

இயற்கை மருந்துகளையும் இவ்வாறே சோதிக்க இயலும் என்பதற்கு 1990இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஆய்வு சான்றாகும். தேயிலை மர எண்ணெய் எனப்படும் ஆஸ்திரேலியத் தாவர எண்ணெய் 5 விழுக்காடு கலந்த களிம்பும், பென்சாயில் பெராக்சைடு 5 விழுக்காடு கலந்த மருந்தும் 124 நோயாளிகளிடம் ஒப்பிடப்பட்டன. இரண்டுமே பருக்களைக் குறைத்தன. எண்ணெய் தாமதமாகப் பயன் தந்தது. எனினும் பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன. இயற்கையானது என்பதால் அது ஏற்கப்படவும் இல்லை, விலக்கப்படவும் இல்லை. ஒப்பீடே அதன் மதிப்பை உணர்த்தியது.

முடிவுரை

அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சர்க்கரையை விரைந்து உயர்த்தும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என ஏற்றது. எனினும், குறிப்பிட்ட உணவுமுறை எதனையும் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. ‘தொடர்பே இல்லை’ என்பதற்கும் ‘இன்னும் உறுதிப்படவில்லை’ என்பதற்கும் உள்ள இவ்வேறுபாடு சிறிதன்று. முன்னது ஆய்வை முடித்துவைக்கிறது. பின்னது தொடரச் செய்கிறது. உணவே பருவுக்கு மருந்து என உறுதிகூறுவோரும் இவ்வெல்லையைக் கடந்தவர்களே ஆவர். ஓர் ஆய்வின் முடிவை மேற்கோள் காட்டுமுன் எது எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதை மூலத்தில் கண்டறிதல் ஆய்வாளரின் கடமையாகும். அக்கடமை தவறியதன் விளைவை, 1969க்குப் பிந்தைய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காட்டுகின்றன.