காற்றில் போடும் கோடு

துல்லிய ஏரோபாட்டிக்ஸ் என்பது, தரையில் நிற்கும் ஒருவர் ரேடியோ வழியாக மாதிரி விமானத்தை இயக்கி, முன்பே எழுதிவைத்த வரிசைப்படி லூப், ரோல், செங்குத்து ஏற்றம், தலைகீழ்ப் பறத்தல் ஆகியவற்றைச் செய்து காட்டும் போட்டி. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ. இந்தப் பிரிவை எஃப்3ஏ என்று குறிக்கிறது. அமெரிக்க மைதானங்களில் இதற்குப் 'பேட்டர்ன்' என்று பெயர். வேகமாகப் பறந்தாலோ தரையை உரசினாற்போல் பறந்தாலோ மதிப்பெண் கூடுவதில்லை. நேராக இருக்க வேண்டிய கோடு நேராக இருந்ததா, வட்டமாக இருக்க வேண்டிய லூப் வட்டமாக இருந்ததா என்றுதான் நடுவர்கள் பார்க்கிறார்கள். கருவிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. இந்த அளவுகோல் மாறவில்லை.

கதை ரேடியோவிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர் வால்டர் குட்டும் வில்லியம் குட்டும். வால்டர் மாதிரி விமானம் கட்டுவதில் தேர்ந்தவர். வில்லியம் அமெச்சூர் ரேடியோக்காரர். இரண்டு திறமைகளும் ஒரே வீட்டில் சேர்ந்ததன் விளைவுதான் 'கஃப்' என்ற விமானம். 8 அடி இறக்கை கொண்ட அது 1937இல் ரேடியோ கட்டுப்பாட்டில் பறந்தது. 1938இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் வென்றது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வால்வு ரிசீவரையும் கனத்த பேட்டரிகளையும் தூக்கிக்கொண்டு பறந்த அந்த விமானத்திடம் யாரும் வித்தை எதிர்பார்க்கவில்லை. சொன்ன பக்கம் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கினால் அதுவே சாதனை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பரவலாக இருந்தது ஒற்றைச் சேனல் ரேடியோ. கையில் ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு பொத்தான். விமானத்தின் வயிற்றுக்குள் நீளவாக்கில் ஒரு ரப்பர் நாடா முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதன் முனையில் எஸ்கேப்மென்ட் என்னும் கொக்கி. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் அமைப்பு உண்டல்லவா, அதேதான் இது. பொத்தானை அழுத்தினால் மின்காந்தம் கொக்கியை இழுக்கும், ரப்பர் கால் சுற்று அவிழும், சுக்கான் முழுதாக வலப்பக்கம் திரும்பும். விரலை எடுத்தால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் இந்த முறை இடப்பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை மறந்துவிட்டால் அடுத்த அழுத்தல் விமானத்தை எதிர்த்திசைக்குக் கொண்டுபோகும். பின்னர் வந்த வகைகளில் ஒரு அழுத்தல் வலம், இரண்டு அழுத்தல் இடம் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. கொஞ்சமாகத் திருப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முழுதாகத் திரும்பும், அல்லது திரும்பாது. ரப்பரின் முறுக்குத் தீர்ந்தால் அதுவும் இல்லை.

சுக்கானைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்த விமானங்களிலும் லூப் போட்டார்கள் என்பதுதான் வியப்பு. பொத்தானை அழுத்தியே பிடித்தால் விமானம் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து, சுருளாகக் கீழே இறங்கும். இறங்க இறங்க வேகம் ஏறும். சரியான நொடியில் விரலை எடுத்தால், இறக்கையின் இயல்பான தூக்குவிசையே மூக்கை மேலே இழுத்து விமானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றவைக்கும். உச்சியில் தலைகீழாக இருக்கும்போது சுக்கானைத் தட்டினால் ரோல் போன்ற ஒன்று கிடைக்கும். வட்டம் வட்டமாக இருக்காது. ஆனாலும் பறக்கும் பொருளின் வேகத்தையும் நேரத்தையும் கணித்து வித்தை செய்யும் கலை அங்கேதான் பிறந்தது.

அடுத்து வந்தது ரீட். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் உலோக நாக்கு இருப்பதுபோல, ரிசீவருக்குள் வெவ்வேறு நீளத்தில் மெல்லிய உலோக நாக்குகள் இருந்தன. டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் ஒலி அதிர்வுக்கு ஏற்ற நாக்கு மட்டும் துடித்து, ஒரு மின் இணைப்பைத் தொட்டு, அதற்குரிய மோட்டாரை ஓடவைக்கும். 10 ரீட் இருந்தால் 5 கட்டுப்பாடு: சுக்கானுக்கு இரண்டு, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு இரண்டு, இறக்கையைச் சாய்க்கும் எய்லரானுக்கு இரண்டு, எஞ்சினுக்கு இரண்டு, எலிவேட்டர் டிரிம்முக்கு இரண்டு. இங்கும் பாதித் திருப்பம் கிடையாது. ஆகவே விமானி நெம்புகோலைத் தட்டித் தட்டி ஓட்டினார். பெரிய லூப் வேண்டுமானால் எலிவேட்டரைத் தட்டி, விட்டு, தட்டி, விட்டு, பல சிறு முறிவுகளைச் சேர்த்து வட்டம்போல் காட்ட வேண்டும். தேர்ந்த கை தட்டினால் முறிவு தெரியாது. ரீட் காலத்து விமானிகளுக்குத் தந்தியடிப்பவரின் விரல் தேவைப்பட்டது என்றால் மிகையில்லை.

இந்தக் கருவியோடுதான் உலகப் போட்டி தொடங்கியது. ரேடியோ ஏரோபாட்டிக்ஸின் முதல் உலக சாம்பியன்ஷிப் 1960இல் சுவிட்சர்லாந்தின் டியூபென்டார்ஃபில் நடந்தது. அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி தம் 'ஓரியன்' விமானத்தோடு வந்து வென்றார். பிறகு 1962இல் இங்கிலாந்தின் கென்லியில் டாம் பிரெட், 1963இலும் 1965இலும் ரால்ஃப் புரூக் என்று பட்டம் அமெரிக்கர்களிடமே இருந்தது. கஸ்மிர்ஸ்கியின் அடுத்த வடிவமான 'டாரஸ்' கடைகளில் கிட்டாக விற்பனைக்கு வந்தது. சாம்பியன் ஓட்டிய வடிவத்தைச் சாதாரண ஆர்வலரும் வாங்கிக் கட்டலாம் என்ற வழக்கம் இந்த விளையாட்டில் இன்றுவரை தொடர்கிறது.

ரீட்டை ஓரங்கட்டியது புரொப்போர்ஷனல் ரேடியோ. குச்சியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவே சுக்கானும் சாயும். இதன் டிஜிட்டல் வடிவத்துக்கு 1960களின் தொடக்கத்தில் டக் ஸ்பிரெங்கும் டான் மேத்திஸும் வழிகாட்டினார்கள். செயல்முறை எளிமையானது. டிரான்ஸ்மிட்டர் நொடிக்குச் சுமார் 50 முறை, சுக்கான் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். துடிப்பின் நீளம் 1.5 மில்லிநொடி என்றால் நடு. 1 மில்லிநொடி ஒரு கோடி, 2 மில்லிநொடி மறு கோடி. இன்று பள்ளி மாணவர்கள் ரோபோ செய்யும்போது பயன்படுத்தும் சிறு சர்வோக்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. கலிபோர்னியாவில் இத்தகைய ரேடியோக்களைத் தயாரித்து விற்ற ஃபில் கிராஃப்ட், 1967இல் கோர்சிகாவில் நடந்த சாம்பியன்ஷிப்பில் தம் 'குவிக் ஃப்ளை 3' விமானத்தால் வென்றார். தயாரித்தவரே சாம்பியனானதைவிடச் சிறந்த விளம்பரம் வேறென்ன வேண்டும்! அத்தோடு ரீட்டின் காலம் முடிந்தது.

கருவி எல்லாருக்கும் ஒன்றானதும் அமெரிக்க ஆதிக்கமும் முடிந்தது. 1969இல் பிரெமனிலும் 1971இல் அமெரிக்க மண்ணிலேயே டாய்ல்ஸ்டவுனிலும் சுவிட்சர்லாந்தின் புரூனோ கீசென்டானர் வென்றார். 1977இல் ஓஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர் 'குராரே' என்ற விமானத்தோடு பட்டம் வென்று, அடுத்த பத்தாண்டுக்கும் மேலாக இந்தத் துறையின் முதல் பெயரானார். 10 சிசி எஞ்சின், அதன் ஆற்றலைக் கூட்டும் டியூன்டு பைப், உள்ளே மடங்கும் சக்கரங்கள், ஒல்லியான உடல். குராரே அந்தக் காலத்தின் முழு அடையாளம். விமானம் தொலைவிலிருந்து அம்புபோல் வந்து, நடுவர் முன் ஒரு வித்தையைச் செய்து, மறுகோடிக்குப் பறந்துபோகும். திரும்பி வரும்வரை நடக்கும் எதற்கும் மதிப்பெண் இல்லை. இதே காலத்தில், 1974 முதல், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி அதிபர் பில் பென்னட் பெரும் பரிசுத் தொகையோடு ஒரு போட்டியை நடத்தினார். நிஜ ஏரோபாட்டிக் விமானங்களின் சாயலில் பெரிய மாதிரிகள் வளர்ந்தது அந்தக் கிளையில். அது தனிக்கதை.

வேகத்துக்கு விலை இருந்தது. டியூன்டு பைப்பின் அலறலைப் பறக்கும் களங்களின் அண்டைவாசிகள், குறிப்பாக ஐரோப்பாவில், பொறுத்துக்கொள்ளவில்லை. 1980களில் விதிகள் இரண்டு வகையில் மாறின. ஒலிக்கு வரம்பு வந்தது. 2 ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 10 சிசி உச்சவரம்பாக இருக்கையில், மெதுவாகச் சுழன்று தணிந்த குரலில் ஓடும் 4 ஸ்ட்ரோக்குக்கு 20 சிசி வரை அனுமதி கிடைத்தது. இன்னொரு மாற்றம் 'டர்ன்அரவுண்ட்'. நடுவில் செய்யும் வித்தைக்கு மட்டும் மதிப்பெண் என்பது போய், இரு கோடிகளில் திரும்பும் திருப்பமும் மதிப்பெண் பெறும் வித்தையாயிற்று. விமானிக்கு இனி மூச்சுவிட இடைவெளி இல்லை. வரிசை தொடங்கினால் முடியும்வரை ஒரே தொடர்.

இதற்காக வானத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டி வகுக்கப்பட்டது. விமானம் விமானியிலிருந்து சுமார் 150 மீட்டர் தொலைவில் பறக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 60 பாகை, மேலேயும் 60 பாகை. அந்தத் தொலைவில் கணக்குப் போட்டால் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 520 மீட்டர், உயரம் 260 மீட்டர். குராரேயின் வேகத்துக்கு அது போதாது. ஆகவே பருத்த உடலும் பெரிய புரொப்பெல்லரும் கொண்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வேகத்தில் போகும் விமானங்கள் வந்தன. பின்னர் எஞ்சின் அளவுக்கான வரம்பே நீக்கப்பட்டு, நீளம் 2 மீட்டர், இறக்கை 2 மீட்டர், எடை 5 கிலோ என்ற எல்லைகள் எஞ்சின. வரம்பு 2 மீட்டர் என்றால் எல்லாரும் 2 மீட்டருக்கே கட்டுவார்கள்; அப்படித்தான் நடந்தது.

2000களில் மின்மோட்டார் வந்தது. எரிபொருள் எஞ்சினுக்கு எடை போடும்போது டாங்கி காலியாக இருக்கலாம். மின்விமானத்துக்கோ பேட்டரியையும் சேர்த்து 5 கிலோ. நியாயமற்றதாகத் தோன்றும் இந்த விதி, கார்பன் இழையிலும் கெவ்லாரிலும் மெல்லிய ஓடுகளை வார்க்கும் கலையை வளர்த்தது. சத்தம் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, எஞ்சின் நடுவானில் நிற்கும் பயமும் இல்லை. சில ஆண்டுகளில் மேல்மட்டப் போட்டிகளில் எஞ்சின் ஓசை அரிதாகிவிட்டது.

புதிதாகச் சேருபவரின் வழியும் இதோடு சேர்ந்தே மாறிவந்திருக்கிறது. குட் சகோதரர்களின் காலத்தில் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற வேண்டும், ரிசீவரைத் தானே சூட்டுக்கோல் பிடித்துச் செய்ய வேண்டும், பால்சா மரத்தை அறுத்து விமானத்தைக் கட்ட வேண்டும். பின்னர் ரேடியோ கடையில் கிடைத்தது. ஆனால் களத்தில் அலைவரிசை ஒரு பொதுச்சொத்து. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு துணி கிளிப் பலகையில் மாட்டியிருக்கும். அதை எடுத்துத் தன் ஆண்டெனாவில் செருகியவர் மட்டுமே அந்தச் சேனலில் டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம். மறந்துபோய் வேறொருவர் அதே சேனலைத் திறந்தால், பல மாத உழைப்பு சில நொடிகளில் தரையில் சிதறும். 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் பரவியதும் அந்தக் கிளிப்புகளுக்கு வேலையில்லாமல் போனது. ஆசானின் டிரான்ஸ்மிட்டரையும் மாணவரின் டிரான்ஸ்மிட்டரையும் இணைத்து, ஆபத்தென்றால் ஆசான் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளும் முறை மட்டும் பழைய காலத்திலிருந்து இன்றுவரை நிற்கிறது. வீட்டுக் கணினியில் ஓடும் சிமுலேட்டர், உடைந்த விமானங்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது.

போட்டிக்குள் நுழையும் படிக்கட்டு அமெரிக்காவில் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஸ்போர்ட்ஸ்மேன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, மாஸ்டர்ஸ், அதற்கும் மேலே எஃப்3ஏ. கீழ்ப்படியில் 2 மீட்டர் விமானம் தேவையில்லை. எய்லரானும் சுக்கானும் ஒழுங்காக வேலை செய்யும் சிறிய மின்விமானம் போதும். விமானிக்குப் பக்கத்தில் நின்று அடுத்த வித்தை என்ன என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு துணையாள் உண்டு. அவர் கையில் இருக்கும் தாளில் ஸ்பெயின் நாட்டு விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்டி நிஜ விமானங்களுக்காக உருவாக்கிய குறியீட்டு முறையில் வரிசை வரையப்பட்டிருக்கும். நடுவர் ஒவ்வொரு வித்தைக்கும் 10இல் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வருவார். 15 பாகைப் பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும் என்பது பொதுக்கணக்கு. கிடைத்ததை வித்தையின் கடினத்துக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்குவார்கள்.

புதியவர்கள் வித்தைகளில்தான் திணறுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மதிப்பெண் அதிகம் போவது பக்கக் காற்றில். காற்று விமானத்தை விமானியின் பக்கம் தள்ளினால், இறக்கையைச் சாய்க்காமல் சுக்கானால் மூக்கைச் சற்றே காற்றுக்குள் திருப்பி வைத்துப் பறக்க வேண்டும். லூப்பின் உச்சியிலும், செங்குத்து ஏற்றத்திலும், தலைகீழிலும் அதே திருத்தம் தொடர வேண்டும். தலைகீழில் சுக்கானின் திசை மாறித் தெரியும். ஸ்டால் டர்னில் இன்னொரு சிக்கல். செங்குத்தாக ஏறி, வேகம் தீர்ந்த நொடியில் சுக்கானால் விமானத்தைப் பக்கவாட்டில் சுழற்றிக் கீழே இறக்க வேண்டும். வழக்கமான திசையில் சுழலும் புரொப்பெல்லரின் காற்றோட்டம் விமானத்தை இடப்பக்கம் தள்ளுவதால், இடப்பக்கச் சுழற்சி எளிது, வலப்பக்கம் கடினம். மோட்டாரைச் சில பாகை வலப்பக்கம் சாய்த்துப் பொருத்துவதும் இந்தத் தள்ளலைச் சமாளிக்கத்தான். இவற்றையெல்லாம் விமானத்திலேயே முடிந்தவரை சரிசெய்துவைக்கும் வேலைக்கு டிரிம்மிங் என்று பெயர். ஒரு சீசன் முழுவதும் அதிலேயே போய்விடுவதும் உண்டு.

தொடக்கநிலை வரிசைகளில் நேராகப் பறந்து போவதும் நேராகத் திரும்பி வருவதுமே தனித்தனி வித்தைகளாக எண்ணப்பட்டு வந்திருக்கின்றன. பெருக்கெண் மிகக் குறைவானவை அவைதான். அவற்றில் முழு 10 வாங்குவது அரிது.