கித்வான்கூலார் கேட்ட விலை

கனடா தேசத்தின் மேற்குக் கரையோரமாக, பசிபிக் சமுத்திரத்தின் மழையும் மூடுபனியும் விட்டுப் பிரியாத காடுகளினிடையே, ஹைடா, சிம்ஷியன், கிட்சான், நிஸ்கா, ஹைஸ்லா, குவாக்குவாக்கவாக் முதலிய பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய ஊர்களில், ஒரே மரத்தில் செதுக்கப்பட்டு, அண்டங்காக்கையும் கரடியும் ஓநாயும் தவளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து நோக்கும் நெடிய ஸ்தம்பங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பக்கம் வந்த கப்பற்காரர்கள் கண்டு வியந்து எழுதிவைத்தனர். பின்னர் வந்த பாதிரிமார் பலர் அவற்றை விக்கிரகங்கள் என்று கருதி வெறுத்தனர். அவர்களுக்கும் பின்னர் வந்த பொருட்காட்சிசாலைக்காரர் அவற்றைக் கலைப்பொருள்கள் என்று போற்றி, அடியோடு பெயர்த்துக் கப்பலேற்றிச் சென்றனர். அம்மக்களோ அவற்றை ஒருநாளும் பூசித்ததில்லை. ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது, எந்த ஆற்றின்மீதும் எந்த மலைச்சரிவின்மீதும் அதற்குப் பாத்தியதை உண்டு, அந்தப் பாத்தியதை முன்னோருக்கு எந்த நிகழ்ச்சியால் வாய்த்தது என்பவற்றுக்கெல்லாம் அந்த மரமே அவர்களுக்குச் சாசனமாக நின்றது.

எழுத்தில்லாத சாசனம் அது. கல்வெட்டாயின், வெட்டுவித்தவன் வம்சம் அற்றுப்போன பிறகும், எழுத்தறிந்த அயலான் ஒருவன் அதைப் படித்துவிடலாம். இந்த மரத்திலோ கரடியின் உருவத்தைப் பார்ப்பவன் கரடியை மட்டுமே காண்பான். அது எந்தக் கரடி, எந்த ஏரிக்கரையில் யாருக்கு எதிர்ப்பட்டது, அந்தச் சந்திப்பின்போது பிறந்த பாட்டு யாது என்பதை அந்தக் குடும்பத்தார் வாய் திறந்து சொன்னாலொழிய அறிய வழியில்லை. அப்படிச் சொல்லும் உரிமையும் எல்லார்க்கும் உரியதன்று. கிட்சான் மக்கள் தம் குடும்ப விருத்தாந்தத்தை ‘அதாவுக்’ என்று வழங்குவர். ஒரு வீட்டாரின் அதாவுக்கை இன்னொரு வீட்டார் எடுத்துச் சொல்வது, அயலான் வயலில் இறங்கி அறுவடை செய்வதற்கு ஒப்பான குற்றம்.

ஸ்தம்பம் நிறுத்தும் முறையும் இதற்கு இசையவே அமைந்திருந்தது. குடும்பத் தலைவர் ஒருவர் இறந்து, அவருடைய பட்டத்தை மருமகன் ஏற்குங்கால் (அங்கே உரிமை பெரும்பாலும் தாய்வழியில் இறங்குவது), நேரான இழையும் எளிதில் உளுக்காத எண்ணெய்ப் பசையும் உடைய செடார் மரத்தைத் தேர்ந்து வீழ்த்தி, வேறு குலத்துச் சிற்பி ஒருவரைப் பொருள் கொடுத்து அமர்த்திச் செதுக்குவிப்பர். பின்னர் அண்டை ஊர்த் தலைவர்களையெல்லாம் அழைத்து, ஸ்தம்பத்தை நிறுத்தி, அதன் விருத்தாந்தத்தையும் அதற்குரிய பாட்டையும் எடுத்துரைத்து, பெருவிருந்திட்டு, வந்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தகுதிக்கேற்பப் பொருள் வழங்குவர். ‘பாட்லாட்ச்’ என்று வழங்கப்பட்ட அந்த விருந்தைக் கண்ட அதிகாரிகள், வாழ்நாள் முழுதும் சேர்த்ததை ஒரே நாளில் வாரி இறைக்கும் மூடத்தனம் என்று எண்ணினர். உண்மையில் அப்பொருள் சாட்சிக்கூலி. வாங்கிக்கொண்டவர், தாம் கேட்டதையும் கண்டதையும் நினைவில் வைத்திருந்து, பிற்காலத்தில் வழக்கு எழுமாயின் இன்ன குடும்பம் இன்ன உரிமையைச் சபையறியச் சொல்லிற்று என்று உரைக்கக் கடமைப்பட்டவர்; சொன்னதில் பிழை இருந்தால் அங்கேயே எழுந்து மறுக்கவும் உரிமை பெற்றவர். ஏடும் முத்திரையும் இல்லாத அந்நாட்டில் அந்த விருந்துக் கூடமே பத்திரப்பதிவுச் சாலையாக இருந்தது.

அந்தச் சாலையைத்தான் கனடிய அரசாங்கம் 1884-இல் ஒரு சட்டத்தால் மூடியது. தடை 1951 வரை நீடித்தது. 1921-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் என்பவர் நடத்திய பெருவிருந்துக்காக 45 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் பலர் சிறை புகுந்தனர். சிறைக்குத் தப்ப விரும்பியோரின் முகமூடிகளும் செப்புக் கேடயங்களும் ஆட்டவாத்தியங்களும் பறிக்கப்பட்டு, ஒட்டாவா, டொரான்டோ, நியூயார்க் நகரங்களின் காட்சிசாலைகளைச் சேர்ந்தன. இதில் விசித்திரம் என்னவெனில், விருந்தைக் குற்றமாக்கிய அதே அரசாங்கம், ஸ்கீனா ஆற்றங்கரையில் ரயில் வண்டியிலிருந்து யாத்திரிகர் பார்த்து மகிழும்பொருட்டு, சாய்ந்த ஸ்தம்பங்களை நிமிர்த்தி வர்ணம் பூச 1924-இல் ஒரு கமிட்டியையும் நியமித்தது. நிறுத்தும் சடங்கு குற்றம், நிறுத்திய மரமோ தேசத்தின் பெருமை! ஊரார் அந்த வேலைக்காரர்களைச் சந்தேகக் கண்ணோடு நோக்கினர் என்றால் அவர்களைக் குறை கூற எவர்க்கு வாய் எழும்?

1862-இல் விக்டோரியா நகரிலிருந்து கரை நெடுகப் பரவிய பெரியம்மை ஊர் ஊராக மக்களை அழித்திருந்தது. எஞ்சியோரும் இன்னும் சிறிது காலத்தில் மறைந்துவிடுவர் என்ற முடிவோடு அறிஞர்கள் கர்ணபரம்பரைச் செய்திகளை ஓடி ஓடிச் சேகரித்தனர். அவர்களுள் பிரான்ஸ் போவாஸ் என்பவரின் நூல்கள் புகழ்பெற்றவை. அவற்றுக்குப் பல்லாயிரம் பக்கங்களை எழுதித் தந்த ஜார்ஜ் ஹண்ட், ஆங்கிலேயத் தந்தைக்கும் டிலிங்கிட் தாய்க்கும் பிறந்து குவாக்குவாக்கவாக் மக்களிடையே வளர்ந்தவர். ஒட்டாவா தேசிய காட்சிசாலையைச் சேர்ந்த மாரியஸ் பார்போ 1914 முதல் சிம்ஷியன், கிட்சான், நிஸ்கா மக்களின் ஸ்தம்பங்களை ஆராய்ந்து பெருநூல்கள் வெளியிட்டார்; அவருக்காகக் கேட்டு, மொழிபெயர்த்து, எழுதிக் குவித்தவர் வில்லியம் பெய்னன்.

பெய்னனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கப்பல் தலைவரான வேல்ஸ் நாட்டுத் தந்தைக்கும் நிஸ்கா தாய்க்கும் 1888-இல் விக்டோரியாவில் பிறந்த அவர், தாய்மாமன் வழியாக ஓநாய்க் குலத்துத் தலைவர் பட்டம் பெற்றவர். அவர் எழுத்தராக மாத்திரம் விருந்துகளில் அமர்ந்தவரல்லர். அழைக்கப்பட்ட தலைவராக, பரிசு பெற்ற சாட்சியாக அமர்ந்தவர். 1945-இல், தடைச்சட்டம் இன்னும் ஏட்டில் இருந்தபோதே, கிட்செகூக்லா என்ற ஊரார் பல ஸ்தம்பங்களை நிறுத்தி விருந்துகள் நடத்தினர். பெய்னன் அங்கே விருந்தினராக இருந்துகொண்டே, யார் எங்கே அமர்ந்தார், யார் எந்த விருத்தாந்தத்தைச் சொன்னார், எவருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையெல்லாம் நான்கு குறிப்பேடுகளில் எழுதினார். சாட்சியின் கடமையும் ஆராய்ச்சியாளரின் கடமையும் ஒரே கையில் கூடிய அத்தகைய ஆவணம் மிக அரிது. அது ஒட்டாவாவின் பெட்டிகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்து, 2000-த்தில்தான் நூலாக வெளிவந்தது. பார்போவின் பெயர் நாடறிந்திருக்க, பெய்னனின் பெயரை ஆராய்ச்சியாளர் சிலரே அறிந்திருந்தனர் என்பதை எண்ணும்போது, சேகரித்தவர் என்ற பெருமை எழுதினவனை விட்டு அச்சிட்டவனையே சேரும் உலக வழக்கத்தின்மேல் எனக்கு வருத்தமே மிகுகின்றது.

இந்த நூற்றாண்டுக் கால விவகாரத்தில், ஊரார் தாமே பேரம் பேசி, தாமே நிபந்தனை விதித்த ஒரு நிகழ்ச்சி 1958-இல் நடந்தது. ஸ்கீனாவின் கிளையாறொன்றின் கரையில் உள்ள கித்வான்கூல் (இப்போது கிட்டன்யாவ்) ஓநாய்க் குலத்தாரும் தவளைக் குலத்தாரும் வாழும் ஊர். நில அளவைக்காரரையும் அரசாங்க ஒதுக்கீட்டையும் நெடுங்காலம் எதிர்த்து நின்றதனால், பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்தது. 1928-இல் எமிலி கார் என்ற ஓவியப் பெண்மணி அவ்வூர் ஸ்தம்பங்களைத் தீட்டச் சென்றபோது, அங்கே போகாதே என்று பலர் அவரை அச்சுறுத்தினர். அந்த ஸ்தம்பங்கள் மழையில் அடிப்பாகம் இற்றுச் சாயத் தொடங்கவே, விக்டோரியாவிலிருந்த மாகாணக் காட்சிசாலையின் வில்சன் டஃப் அவற்றுட் சிலவற்றைக் காப்பாற்ற அனுமதி வேண்டினார். ஊர்த்தலைவர்கள் நெடுநேரம் ஆலோசித்து இசைந்தனர். அவர்கள் கேட்ட விலை இரண்டு. எடுத்துச் செல்லும் ஒவ்வொரு மூலத்துக்கும் ஈடாகப் புதிய பிரதி செதுக்கி ஊரில் நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று காட்சிசாலைக்காரர் எவரும் அதற்கு முன் கேட்டிராதது: கித்வான்கூலின் சரித்திரத்தையும் நிலஎல்லைகளையும் சட்டங்களையும் தாங்கள் சொல்லச் சொல்ல எழுதி, அச்சிட்டு, பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குப் பயிற்ற வழிசெய்ய வேண்டும் என்பது.

இதன் நுட்பத்தை ஆழ்ந்து நோக்கவேண்டும். தம் விருத்தாந்தங்களை அந்நியர்க்குச் சொல்லாமல் காத்துவந்தவர்கள் அவர்கள். மரம் மட்டும் போய்விட்டால், கண்ணாடிக் கூடத்தில் அது வாயற்ற பொம்மையாகிவிடும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஆகவே மரம் எங்கே செல்கிறதோ அங்கே அதன் வாக்கும் உடன் செல்லட்டும் என்று விதித்தனர். விருந்துக்கு அழைத்துச் சாட்சிகளை அமர்த்தும் பழைய முறையில், அரசாங்கத்தையும் பல்கலைக்கழகத்தையுமே சாட்சிகளாக அமர்த்திவிட்டனர் என்றும் சொல்லலாம். அந்த நூல் 1959-இல் வெளிவந்தது. மிகச் சிறிய நூல். பார்போவின் பெருநூல்களோடு அலமாரியில் வைத்தால் கண்ணுக்கே புலப்படாது. ஆயினும், உரியவர் விருப்பப்படி உரியவரே சொல்லி எழுதப்பட்டது என்ற ஒன்றினால் அதற்கு மேலான இடத்தையே நான் தருவேன்.

சொல்லுக்குச் சட்டத்தின் முன் மதிப்பு உண்டா என்ற கேள்வி பின்னர் நீதிமன்றத்துக்கே வந்தது. டெல்கமூக் வழக்கு என்று பேர்பெற்ற வழக்கில், 1987 முதல் கிட்சான், வெட்சுவெட்டன் தலைவர்கள் தங்கள் நிலவுரிமைக்கு அதாவுக்குகளையும் பாட்டுகளையும் சாட்சியமாக முன்வைத்தனர். அந்த்குலிலிபிக்ஸ் என்னும் பட்டம் தாங்கிய மேரி ஜான்சன் என்ற முதியவர் தம் குடும்பத்துப் புலம்பல் பாட்டைப் பாட முற்பட்டபோது, நீதிபதி மெக்கீச்சரன், தமக்குச் சங்கீதக் காது இல்லையென்றும், பாட்டினால் தமக்குப் பயன் விளையாதென்றும் சொன்னார். 1991-இல் வழக்கைத் தள்ளியும் விட்டார். 1997 டிசம்பர் 11-ஆம் தேதி கனடிய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வாய்மொழிச் சரித்திரத்தை எழுத்து ஆவணங்களுக்குச் சமமான நிலையில் வைத்து ஆராய வேண்டும் என்று விதித்து, மறு விசாரணைக்கு வழிவிட்டது.

அந்த விதி பொருட்காட்சிசாலைகளின் கதவையும் எட்ட மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 1929-இல் நிஸ்கா ஊர் ஒன்றிலிருந்து பார்போ பெயர்த்தெடுத்து எடின்பரோ காட்சிசாலைக்கு விற்ற நீஸ்ஜூல் ஸ்தம்பம், போரில் மடிந்த த்சாவிட் என்ற வீரனின் நினைவாகச் செதுக்கப்பட்டு, 11 மீட்டர் உயரம் உள்ளது. முறையாக விலைக்கு வாங்கப்பட்டதென்று காட்சிசாலைக் கணக்கு சொல்லிற்று. 2022 ஆகஸ்டில் எடின்பரோவுக்குச் சென்ற நிஸ்கா தூதுவர்களோ, ஊரார் வெளியே சென்றிருந்த வேளையில் அது எடுத்துச் செல்லப்பட்டதென்று தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் கேட்டு வந்ததைச் சொன்னார்கள். தங்கள் சட்டப்படி அத்தகைய ஸ்தம்பத்தைத் தனி ஒருவர் எவரும் விற்க இயலாதென்றும் எடுத்துரைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காட்சிசாலையின் நிர்வாகக் குழுவும் ஸ்காட்லாந்து அரசாங்கமும் இசைந்தன. 2023 செப்டம்பரில் ஸ்தம்பம் கனடிய விமானப்படையின் விமானத்தில் ஏற்றப்பட்டு நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குத் திரும்பிற்று.