இருமொழியமும் பொருளுணர்வும்: இந்தியச் சான்றுகள் வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்தியாவில் இருமொழியம் என்பது கல்வியால் மட்டும் எய்தப்பெறும் திறன் அன்று. சந்தை, வயல், குடிபெயர்வு, அண்டைவீடு ஆகியவற்றோடு இணைந்து வளர்ந்த வாழ்க்கைமுறை அது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் ஏறத்தாழ 26 விழுக்காட்டினர் குறைந்தது இரு மொழிகளை அறிந்தவர்கள். இத்தகையோர் உலகைப் பொருள்படுத்திக்கொள்வதில் மொழியின் பங்கு யாது, பண்பாட்டின் பங்கு யாது என்னும் வினாக்கள் எவ்வாறு எழுந்தன, இந்தியச் சான்றுகள் அவற்றின் விடைகளை எவ்வாறு திருத்தின என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கொள்கைப் பின்னணி

ஒவ்வொரு மொழியும் ஓர் உலகநோக்கைத் தன்னுள் கொண்டுள்ளது என்னும் கருத்து, 1836இல் வெளிவந்த ஹம்போல்ட்டின் நூலில் விரிவாக இடம்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சபீரும் அவர்தம் மாணவர் வோர்ஃபும் இதனை அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் வழி வளர்த்தனர். எனினும், ஒரு மனிதனுக்கு ஒரு மொழி, அம்மொழிக்கு ஒரு பண்பாடு என்னும் எளிய அமைப்பே இவ்வாய்வுகளில் பெரிதும் அடிப்படையாக அமைந்தது. இருமொழியாளர் இவ்வமைப்புள் அடங்குவதில்லை.

இக்குறையை நிரப்ப முற்பட்டவர் யுரியல் வைன்ரைக். 1953இல் வெளிவந்த தம் நூலில், இரு மொழிச் சொற்களுக்கும் தனித்தனிப் பொருளைக் கொள்வோர், இரண்டிற்கும் ஒரே பொருளைக் கொள்வோர், ஒரு மொழியின் வழியே மற்றதை உணர்வோர் என மூவகை நிலைகளை அவர் பிரித்துக் காட்டினார். இப்பகுப்பு பின்னர் உளவியலாருக்கும் பயன்பட்டது.

2. உறவுமுறைச் சொற்கள் தரும் சான்று

தமிழிலும் இந்தியிலும் ‘மாமா’ என்னும் சொல் உண்டு. இந்தியில் அது தாயின் உடன்பிறந்தானையே குறிக்கும். தந்தையின் உடன்பிறந்தாளின் கணவர் ‘ஃபூஃபா’, மனைவி அல்லது கணவரின் தந்தை ‘சசுர்’ எனப்படுவர். தமிழில் இம்மூவரையும் ‘மாமா’ என அழைத்தல் இயல்பு. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கும் வழக்கில் இவ்வுறவுகள் ஒருவரிடமே கூடுதல் இயலும் என்பதே இதற்குக் காரணமாகக் கொள்ளப்படுகிறது. இம்மணமுறை வட இந்திய இந்துச் சமூகங்கள் பெரும்பாலானவற்றில் விலக்கப்பட்டதாகும். எனவே, ஒலியில் ஒத்த இச்சொற்களைப் பயன்படுத்தும் தமிழ்-இந்தி இருமொழியாளர், இரு மணமுறைகளையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

சிங்களம் இதனினும் நுட்பமான சான்றைத் தருகிறது. அது இந்தோ-ஆரிய மொழியாயினும், அதன் உறவுமுறை அமைப்பு திராவிட அமைப்பை ஒத்தது. மேற்கூறிய மூவரும் அங்கும் ‘மாமா’ என்றே அழைக்கப்படுவர். சொல்வடிவம் ஒரு மரபினதாகவும் பொருளமைப்பு வேறொரு மரபினதாகவும் இருத்தல் கூடும் என்பது இதனால் பெறப்படும்.

3. குப்வார்

இவ்வுண்மை இலக்கணத்திலும் நிகழும் என்பதை மகாராட்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக் குப்வார் என்னும் சிற்றூர் காட்டியது. அங்குச் சமணரும் இலிங்காயதரும் கன்னடத்தையும், முஸ்லிம்கள் உருதுவையும், பிறர் மராத்தியையும் தெலுங்கையும் வீட்டு மொழிகளாகக் கொண்டிருந்தனர். கம்பர்சும் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வூரின் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றின் தொடரமைப்புகள் சொல்லுக்குச் சொல் மாற்றக்கூடிய அளவிற்கு ஒன்றையொன்று ஒத்திருந்தன.

பால் பாகுபாடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கன்னடத்தில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு பொருளை ஒட்டி மாந்தர்க்கே உரியது. பொது உருதுவிலோ ‘நதி’ என்னும் சொல் பெண்பால் வினையை ஏற்கும். குப்வார் உருது கன்னட முறையைத் தழுவி அதனைக் கைவிட்டது. ஆயினும், சொற்கள் பெரும்பாலும் கலக்கவில்லை. வீட்டு மொழி ஒவ்வொரு குழுவின் அடையாளமாதலின் சொற்கள் காக்கப்பட்டன. வயலிலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் கலந்து பழகியமையால் பொருளமைப்பு பொதுவாயிற்று. மொழி வேறாயின் உலகநோக்கும் வேறாதல் வேண்டும் என்னும் கருத்தை இச்சான்று மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

4. அறிவுத்திறன் பற்றிய வாதம்

இருமொழியம் குழந்தையின் அறிவைக் குழப்பும் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. வேல்சு நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து 1923இல் சேயர் வெளியிட்ட முடிவுகள் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. நாட்டுப்புற இருமொழிக் குழந்தைகள் பின்தங்கியிருந்தமையே எடுத்துரைக்கப்பட்டது; நகர்ப்புறக் குழந்தைகளிடம் அத்தகைய சீரான வேறுபாடு காணப்படாமை போதிய கவனம் பெறவில்லை. 1962இல் பீலும் லாம்பர்ட்டும் மாண்ட்ரீல் நகரில் பத்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து, இருமொழியாளரே மேம்பட்டவர் என மாறான முடிவைக் கண்டனர்.

இவ்வாய்வுகளில் மொழியின் விளைவையும் சமூகச் சூழலின் விளைவையும் பிரித்தறிதல் அரிதாயிருந்தது. ஒரிசாவின் கோந்து மக்கள் அதற்கு வாய்ப்பளித்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் திராவிட மொழியாகிய குயியையும் ஒரியாவையும் பேச, மற்றொரு பகுதியினர் குயியை இழந்து ஒரியாவை மட்டும் பேசினர். பண்பாடும் வாழ்நிலையும் பெரும்பாலும் ஒன்றே. இவ்விரு பிரிவினரின் குழந்தைகளை ஒப்பிட்ட அஜித் மொகந்தி, இருமொழிக் குழந்தைகள் அறிவுத்திறன் தேர்வுகளிலும் மொழியைப் பற்றிச் சிந்திக்கும் திறனிலும் மேம்பட்டிருப்பதைக் கண்டார். இவ்வாய்வுகளைத் தொகுத்த அவரது நூல் மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தால் 1994இல் வெளியிடப்பெற்றது.

இருமொழியத்தின் நன்மையை மிகைப்படுத்தலும் தகாது. சாதகமான முடிவுகளே மிகுதியாக அச்சேறும் போக்கினை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியுள்ளது. எனினும், தாய்மொழியை விட்டொழித்தால் அறிவு வளரும் என்பதற்குக் கோந்து மக்களிடம் சான்று இல்லை என்பது உறுதி.

முடிவுரை

இருமொழியாளரின் பொருளுணர்வு இரு தனி அறைகளும் அன்று, ஒரே கலவையும் அன்று. சொல், இலக்கணம், உறவுமுறை ஆகிய ஒவ்வொன்றும் மக்கள் கூடி வாழும் முறைக்கேற்ப இணைகின்றன அல்லது பிரிகின்றன. இவ்வறிவு கல்வித்துறைக்கு இன்றியமையாதது. ஒரிசாவில் 2007ஆம் ஆண்டு வாக்கில் குயி உள்ளிட்ட பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றமை வரவேற்கத்தக்கது. குழந்தை பள்ளிக்குக் கொண்டுவரும் மொழி தடையன்று. அடுத்த மொழியின் பொருளை அது அளந்தறியும் முதற்கோல் அதுவே.