மண் தந்த மருந்தும் மண்ணில் கிடக்கும் பகையும்

ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவர் உடம்பில் வைத்துத் தைப்பதற்கு மருத்துவர்கள் வெகு நாளைக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள். தைத்ததை உடம்பு ஏற்க மறுத்ததுதான் தொல்லை. 1954 டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே வெற்றி கண்டார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் என்பதால், வந்தது அயலான் என்று உடம்புக்குத் தெரியவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி உடன்பிறப்பு வாய்க்கும்?

1960-களில் அசாதயோபிரின் என்ற மருந்து வந்தது. நம் கோலாலம்பூரில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது 1975-ல். ஆனால் பெரிய திருப்பம் மண்ணிலிருந்து வந்தது. நார்வே நாட்டு ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்தில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பூசணம் சைக்ளோஸ்போரின் மருந்தைத் தந்தது. 1978-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் ராய் கேல்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1983-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. இன்று பலர் உண்ணும் டாக்ரோலிமசும் ஜப்பானிய மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரின் கொடைதான்.

இம்மருந்துகள் உடம்பின் காவல்காரரான வெள்ளையணுக்களை அடக்கி வைக்கின்றன. காவல்காரன் கண்ணயர்ந்தால் விருந்தாளியும் வரலாம், திருடனும் வரலாம் அல்லவா?

அந்தத் திருடனும் மண்ணில்தான் கிடக்கிறான். மக்கிய மரத்திலும் முள்ளிலும் கருநிறப் பூசணங்கள் சில உண்டு. செம்பனை முள் குத்தாத தோட்டத்துக் கை எது? நல்ல உடம்பு அந்தப் பூசணத்தைப் பெரும்பாலும் தானே தீர்த்துவிடும். சிறுநீரகம் மாற்றியவருக்கோ, அபூர்வமாக, பல மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி எழும்பும். வலி அவ்வளவாக இராது. வலிக்காத கட்டியை யார் போய்க் காட்டுகிறார்கள்! சீழ்க்கட்டிக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்குப் பலிக்காது. சிறு துண்டு வெட்டி, நுண்நோக்கியில் பார்த்து, பூசணத்தை வளர்த்துப் பார்த்தால்தான் ஆள் இன்னான் என்று தெரியும்.

பிறகு கட்டியை அறுத்தெடுத்து, பூசணக்கொல்லி மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். இங்கேதான் மருத்துவர் பாடு திண்டாட்டம். பூசணக்கொல்லிகளில் சில, இரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவைக் கூட்டிவிடும். கூடினால் சிறுநீரகமே கெடும். மிகவும் குறைத்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். ஆகவே அடிக்கடி இரத்தம் எடுத்து அளந்து பார்க்கிறார்கள்.

முன்பு எப்போதாவது முள் குத்தியதா என்றும் கேட்பார்கள். நோயாளிக்கு அது மறந்திருக்கும். ஊசியால் அதைக் கிளறி எடுத்துவிட்ட அம்மாவுக்கோ மனைவிக்கோ நினைவிருக்கலாம்.