மெட்டின் இரு பக்கம்: மூன்றாம் மைசூர்ப் போரும் தேவாரத்து மலை எல்லையும்

தேனி மாவட்டத்துத் தேவாரத்திலும் போடிநாயக்கனூரிலும் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். காயெடுப்புக் காலத்தில் கூட்டம் இன்னும் கூடும். தூக்குச்சட்டியில் சோறும் தலையில் துண்டுமாகப் புறப்படுகிறவர்கள் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். பொழுது சாய்ந்ததும் அதே வழியில் வீடு திரும்புவார்கள். உழைப்பது ஒரு மாநிலத்தில், உறங்குவது இன்னொரு மாநிலத்தில். இடையில் இருக்கும் அந்த எல்லைக்கோட்டை யார் போட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மலை போட்டது என்பதுதான் வழக்கமான விடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு நீரைப் பிரிக்கிறது. நீர் பிரியும் இடத்தில் நாடும் பிரிந்தது என்பார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் நிற்கவில்லை. செங்கோட்டை மலைக்குக் கிழக்கே, தமிழ்ச் சமவெளியில் இருக்கிறது. ஆயினும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது. மறையூர்ப் பள்ளத்தாக்கின் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. ஆனால் மறையூர் இன்றும் கேரளத்தில்தான் இருக்கிறது. நீலகிரியின் கூடலூர் முகட்டுக்கு மேற்கே இருந்தும் தமிழ்நாட்டில் இருக்கிறது. முகடுதான் எல்லை என்றால் இந்த மூன்றும் இடம் மாறியிருக்க வேண்டும். தேவாரத்துக்கு மேலே எல்லை இன்றுள்ள இடத்தில் உறைந்து நின்றதற்குக் காரணத்தை 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரிலும், அதைத் தொடர்ந்த உடன்படிக்கைகளிலும் தேட வேண்டும் என்பது என் வாதம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் திண்டுக்கல் சீமை மைசூரின் கைக்குப் போயிற்று. 1755இல் அதன் ஃபௌஜ்தாராக (படை ஆளுநராக) வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு அங்கே படைக்கலச் சாலை அமைத்தார். பின்னாளில் மைசூரையே ஆளப்போகிறவர் தம் வலிமையைத் திரட்டிய இடம் அது. கம்பம் பள்ளத்தாக்கும், போடிநாயக்கனூர், தேவாரம் முதலான பாளையங்களும் அந்தச் சீமைக்குள் அடங்கியவை. கிழக்கிந்தியக் கம்பெனி திண்டுக்கல்லை 1767இல் பிடித்து அடுத்த ஆண்டே இழந்தது. 1783இல் மீண்டும் பிடித்து, 1784 மங்களூர் உடன்படிக்கையின்படி ஹைதரின் மகன் திப்புவிடம் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்கப் போர் முடிந்து ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் சமாதானம் பேசியதால், கடலூர் வரை வந்திருந்த பிரெஞ்சுப் படை ஒதுங்கிக்கொண்டது. மங்களூர் உடன்படிக்கைக்கு அதுவும் ஒரு காரணம். பாரிஸ் பக்கத்தில் இட்ட கையெழுத்தால் போடிப் பாளையக்காரர் கப்பம் கட்டும் கச்சேரி மாறியது.

மூன்றாவது போர் மலைக்கு அந்தப் பக்கத்தில் மூண்டது. திருவிதாங்கூரின் தர்மராஜா கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, கொடுங்கல்லூர், பள்ளிப்புரம் கோட்டைகளை டச்சுக்காரர்களிடமிருந்து 1789இல் விலைக்கு வாங்கினார். அதை ஏற்க மறுத்த திப்பு, அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரணைத் தாக்கினார். திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு நாடு என்பதால் கம்பெனி போரில் இறங்கியது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டுவர்ட் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தார். அமெரிக்கப் போரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ், இப்போது கம்பெனியின் தலைமை ஆளுநராக, ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுப் போரை முடித்தார். 1792 மார்ச் உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். பாராமகால், மலபாரோடு திண்டுக்கல்லும் கம்பெனிக்குச் சேர்ந்தது.

நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்தப் போரைப் பிணையாக அனுப்பப்பட்ட திப்புவின் இரண்டு பிள்ளைகளின் கதையோடு முடித்துவிடுகின்றன. தேவாரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது. மலைக்குக் கீழே இருந்த நிலம் கம்பெனிக்கு வென்ற பொருளாக வந்தது. மேலே இருந்த நிலம் நண்பனின் உடைமையாக நின்றது. வென்றதை அளந்து தீர்வை கட்டலாம், நண்பனுடையதைத் தொட முடியாது. 1796இல் திண்டுக்கல் கலெக்டராக வந்த ஹர்டிஸ் அடிவாரம் வரை நிலத்தை அளந்தார். எதிர்த்த பாளையக்காரர்கள் ஒடுக்கப்பட்டனர். விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். தப்பிய பாளையங்கள் ஜமீன்களாகச் சுருங்கின. தேவாரமும் போடியும் அப்படிச் சுருங்கி, ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வரும்வரை நீடித்தவை. மேலே, திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. காடு திருத்திச் செடி வளர்த்தவர்களில் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழர்கள் பலர் இருந்தனர். விளைந்த காயை அவர்கள் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். ஒரே குடும்பம் கீழே நஞ்சைக்குக் கம்பெனி முறையிலும் மேலே ஏலத்துக்கு மகாராஜா முறையிலும் வரி செலுத்தும் நிலை வந்தது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். மலைமேல் திருவிதாங்கூரின் உரிமை இந்தப் போருக்கு முன்பே, மார்த்தாண்டவர்மா தெக்குங்கூரை வென்ற காலத்திலேயே வந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். போர் அந்த எல்லைக்கோட்டை உருவாக்கவில்லை, அசையாமல் நிறுத்தியது. அதற்கு முன், மதுரைப் பாண்டியர் வழியினர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட பூஞ்ஞாற்று அரசரும் அடிவாரப் பாளையக்காரர்களும் தங்கள் பலத்துக்கு ஏற்ப மலையுரிமையைப் பேசித் தீர்த்துக்கொள்ள இடம் இருந்தது. 1792க்குப் பின் இரு பக்கத்துக்கும் மேலாதிக்கம் கம்பெனியிடமே வந்தது. இனி அந்தக் கோட்டை நகர்த்தச் சண்டையிட யாருமில்லை. சண்டை ஓய்ந்ததால்தான் கோடு இறுகிப்போனது.

இதற்கு மிகத் தெளிவான சான்றாக நான் காண்பது 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான பெரியாற்றுக் குத்தகை. மேற்கே ஓடும் பெரியாற்றை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, வைகைக்குத் திருப்புவது சென்னை அரசின் திட்டம். அணை கட்ட வேண்டிய இடமோ திருவிதாங்கூருடையது. எனவே பிரிட்டிஷ் பேரரசு, தனக்குக் கீழ்ப்பட்ட ஒரு மகாராஜாவிடம் 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் ஆண்டு வாடகைக்கு, 999 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. அந்த வாடகை ரொக்கமாகக் கொடுக்கப்படவில்லை. திருவிதாங்கூர் ஆண்டுதோறும் பேரரசுக்குக் கட்ட வேண்டிய கப்பத்தில் கழிக்கப்பட்டது. அந்தக் கப்பமோ போருக்குப் பின் 1795இலும் 1805இலும் ஏற்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கைகளின் வழி வந்தது. திப்புவிடமிருந்து காத்ததற்கு வாங்கிய கூலியில்தான் பெரியாற்று நிலத்தின் வாடகை கழிந்தது. 1792இல் மலையும் திண்டுக்கல்லோடு கம்பெனிக்கு வந்திருந்தால் இந்தக் குத்தகைக்கே தேவை இருந்திருக்காது. 1895இல் திறந்த நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்தது. அந்த நீரின்மேல் 1979 முதல் நடக்கும் நீர்மட்டப் பூசலுக்கும், 2011 டிசம்பரில் பள்ளத்தாக்கு மக்கள் குமுளியை நோக்கித் திரண்டதற்கும் அடியில் கிடப்பது இந்தக் குத்தகைப் பத்திரம்தான்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இந்த எல்லைக்கோட்டை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேட்டது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் அங்கே தமிழ் பேசுவோர் மிகுதி என்று கண்டும், அவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்றது. மலையின் பொருளாதார மதிப்பையும் எடுத்துச் சொன்னது. கன்னியாகுமரியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் வந்தன, ஏலமலை வரவில்லை. ஆணையத்தின் முதல் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களை வந்து போகிறவர்கள் ஆக்கியதே அந்தக் கோடுதான். கோட்டின் விளைவையே கோட்டுக்கு ஆதாரமாகக் காட்டியது அந்த அறிக்கை.

தேவாரத்துக்கு நேர் மேலே சாக்கலூத்து மெட்டு இருக்கிறது. அந்தப் பழைய தடத்தைச் சாலையாக்கினால் உடும்பன்சோலை கூப்பிடு தூரம் என்று ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். வனத்துறை அனுமதி, இரு மாநிலக் கோப்புகள் என்று அது நின்றுகொண்டே இருக்கிறது. ஜீப்புகள் வடக்கே போடிமெட்டுக்கும் தெற்கே கம்பம்மெட்டுக்கும் சுற்றிப் போகின்றன.