கார்டன் ஹவுஸ், கடலூர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள 18ஆம் நூற்றாண்டு மாளிகை. கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித டேவிட் கோட்டை ஆளுநர்களுக்குக் கோட்டைக்கு வெளியே இருந்த தோட்ட வீடு இதுவே. பிற்காலத்தில் தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியர்களின் குடியிருப்பாக நெடுங்காலம் இருந்தது. 'ராபர்ட் கிளைவ் வாழ்ந்த வீடு' என்றே ஊரார் அடையாளம் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் கொஞ்சம்தான்.

வீட்டின் கதை கோட்டையிலிருந்து தொடங்குகிறது. செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் கம்பெனிக்காக விலைக்கு வாங்கியவர், சென்னை ஆளுநர் எலிஹு யேல். வேல்ஸ் வம்சாவளியினரான அவர், அந்நாட்டுக் காவல் புனிதரான டேவிட்டின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினார். எல்லையை அளந்த விதம்தான் விசித்திரம். கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கி சுடுவது, குண்டு போய் விழும் இடம் வரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். வெகுதூரம் சுடும் பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பி வைத்தார்கள். வியாபாரிகள் அல்லவா! அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்ற பெயர்கள் இன்றும் கடலூரில் வழங்குகின்றன.

கெடிலம் கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய கோட்டைக்குள் கிடங்கு, படைவீரர், அலுவலகம் எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்தன. காற்றும் நிழலும் தேடி ஆளுநர்கள் மேற்கே மஞ்சக்குப்பம் பக்கம் வந்தார்கள். இதற்குப் பின்னால் அந்தஸ்து ஆசையும் இருந்தது. இங்கிலாந்தில் அப்போது நிலப்பிரபுக்கள் பரந்த தோட்டங்களின் நடுவே, இத்தாலியப் பாணித் தூண்களோடு மாளிகை எழுப்பிக்கொண்டிருந்த காலம். சொந்த ஊரில் அப்படி வாழ வசதியில்லாமல் கப்பலேறிய கம்பெனி ஊழியர்கள், இங்கே அந்த வாழ்வை ஒத்திகை பார்த்தார்கள் என்றே சொல்லலாம். சென்னையிலும் இதே போக்குதான். அங்கே திருவல்லிக்கேணிப் பக்கம் ஆளுநருக்கான தோட்ட வீட்டைக் கம்பெனி 1753இல் வாங்கியது.

1746 செப்டம்பரில் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். உடனே கடலூரின் மதிப்பு உயர்ந்தது. தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக 1752 வரை புனித டேவிட் கோட்டையே இருந்தது. 1746 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிய சுமார் 1700 பேர் கொண்ட பிரெஞ்சுப் படை பெண்ணையாற்றைக் கடந்து வந்து, முதல் வேலையாகக் கார்டன் ஹவுஸைக் கைப்பற்றியது. நடந்து வந்த களைப்பில் ஆயுதங்களை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்காடு நவாப் அன்வருத்தீனின் படை வருகிறது என்ற கூச்சல் எழுந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஆற்றை நோக்கி ஓடினார்கள். கோட்டை தப்பியது. கடலூர் வரலாற்றில் இந்த வீட்டின் மிகப் பெரிய நாள் அதுதான். கிளைவின் பெயரை விட அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கிளைவ், வீழ்ந்த சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இதே கடலூருக்கு வந்து சேர்ந்த எழுத்தர். 1747இல் இங்கேதான் கம்பெனிப் படையில் அதிகாரியானார். 1756 ஜூனில் கோட்டையின் ஆளுநராகத் திரும்பி வந்தார். ஆனால் கல்கத்தா பறிபோன சேதியால் ஆகஸ்டிலேயே சென்னைக்கு அழைக்கப்பட்டு, அக்டோபரில் வங்காளத்துக்குக் கப்பலேறினார். ஆளுநராக அவர் கடலூரில் இருந்தது சில வாரங்களே. இந்தியப் பணத்தில் அவர் நிஜமாகவே கட்டிக்கொண்ட மாளிகை இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள கிளேர்மான்ட்.

1758 ஜூனில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து அரண்களை இடித்துத் தள்ளியது. கோட்டை மறுபடி பழைய நிலைக்கு வரவே இல்லை. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தெற்கே சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்கு உயர்ந்த மதில் இருந்ததால், படைகள் அதைக் கோட்டையாக்கிக்கொண்டன. 1781 ஜூனில் ஹைதர் அலியின் ஆட்கள் உள்ளே இருந்தபோது, ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். கோயில் அரணாக இருந்தது. ஆளுநரின் வீட்டுக்கோ அரண் கிடையாது; முதலில் வந்து சேர்ந்தவர் உட்காரும் இடமாக அது இருந்தது.

மாளிகையின் கட்டடக்கலையில் பேசப்படுவது அதன் கூரை. மரமும் இரும்பும் சேர்க்காமல், செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் கொண்டு அமைந்தது என்பார்கள். அக்காலச் சென்னை வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கும் 'மெட்ராஸ் டெரஸ்' முறை வழக்கம். உத்தரமே இல்லாமல் கூரை நிற்க வேண்டுமானால் செங்கல்லை வளைவாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்க, பாரம் முழுவதும் பக்கச் சுவர்களுக்கு இறங்கும். அதனால்தான் இவ்வகைக் கட்டடங்களில் சுவர் அத்தனை தடிமன். கடற்கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. அதைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறலும் வெல்லத் தண்ணீரும் விட்டுச் சாந்து சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய கைவேலை. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், மரத்தைக் கரையான் தின்னும்; சுண்ணாம்பு ஆண்டாக ஆண்டாக இறுகும். வரைபடத்தின் ஆசை ஆங்கிலேயருடையது, கட்டிய அறிவு இந்த மண்ணுடையது.

1801இல் கர்நாடகப் பகுதி கம்பெனி வசமானபின் தென்னார்க்காடு மாவட்டம் உருவாகி, ஆளுநர் வீடு கலெக்டர் பங்களா ஆயிற்று. அந்தப் பெரிய மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டு இன்றைய கடலூர் மாவட்டம் வந்தது.

இத்தகைய கட்டடத்தைப் பழுது பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே தேங்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லைப் பொடியாக்கிவிடும். பூச்சு உதிர்ந்தால் சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.